மஸானாவைக் காத்த மருத்துவம்

சென்ற ஆண்டு ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் நாம் அமர்ந்திருந்த வேளையில், ஒரத்தநாட்டை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து பெரியவர் ஒருவர் தம் மகனுடன் வந்து சேர்ந்தார். வயது எழுபத்தாறு. கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளைவித்து வாழ்ந்தவர். சலாம் உரைத்து அமர்ந்த பின்னும் நெடுநேரம் வாய் திறவாதிருந்தார். பிறகு, "ஹஜ்ரத், வயிற்றில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, அதில் சிறுநீர் ஓயாமல் இறங்கிக்கொண்டே இருந்தால், எனக்குத் தொழுகை கூடுமா?" என்று கேட்டார்.

மகன் விளக்கினார். சில திங்களுக்கு முன் சிறுநீரில் இரத்தம் கண்டிருக்கிறது. வலி இல்லாமையால் பெரியவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மீண்டும் கண்டபோது சோதித்தார்கள். சிறுநீர்ப்பையில் புற்று, அது பையின் தசைச்சுவர் வரை ஊடுருவிவிட்டது. பையை முற்றிலும் அகற்றி, சிறுநீருக்கு வயிற்றில் வேறு வழி அமைப்பதே தக்கது என்றார்கள் மருத்துவர்கள். பெரியவர் மறுத்துவிட்டார். அறுவைக்கு அவர் அஞ்சவில்லை. தொழுகையை இழந்து வாழும் வாழ்வு வேண்டாம் என்பதே அவர் மறுப்பின் காரணம்.

பெரியவரின் வினாவுக்கு நம் பிக்ஹு நூல்களில் விடை உண்டு. அதை அன்றே கூறினோம். ஆனால் புறப்படும்போது மகன் மற்றொரு வினாவை எழுப்பினார். "பையை எடுக்காமலே அத்தாவுக்கு மருத்துவம் செய்ய வழியில்லையா, ஹஜ்ரத்?" நம் அலமாரியில் இருந்த கிதாபுகள் எதிலும் அதற்கு விடை இல்லை. மருத்துவ அன்பர்களிடம் கேட்டும், கிடைத்தவற்றைப் படித்தும் நாம் அறிந்த வரலாற்றையே இங்கு எழுதுகின்றோம்.

நண்டும் புற்றும்

அரபு மொழியில் இந்நோய்க்கு 'ஸரத்தான்' என்று பெயர். அச்சொல்லின் பொருள் நண்டு. யவன மருத்துவர்கள் தம் மொழியில் இந்நோயை நண்டென்றே அழைத்தனர். அரபு மருத்துவர்களும் அவ்வழியே நின்றனர். கட்டியைச் சுற்றிப் புடைத்தெழும் நரம்புகள் நண்டின் கால்களைப் போலத் தோன்றியமையே காரணம் என்பர். நம் தமிழர் கண்ணுக்கோ அது கறையான் புற்றாகத் தோன்றியது. நண்டு என்றால் பற்றியதை விடாது. புற்று என்றால் வெளியே தெரிவதைவிட உள்ளே பெரிது. இரு பெயர்களும் இந்நோயின் இயல்பை நன்கு உணர்த்துகின்றன.

சிறுநீர்ப்பைக்கு அரபியில் 'மஸானா' என்பது பெயர். அதன் உட்புறம் மெல்லிய சவ்வினால் ஆனது. அதற்கு அப்பால் சுருங்கி விரியும் தசைச்சுவர். பெரும்பாலாருக்கு நோய் முதலில் சவ்வோடு நிற்கும்போதே தெரியவரும். அப்போது உள்ளிருந்தே சுரண்டி எடுத்துப் பையைக் காப்பது எளிது. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, நோய் தெரியும்போதே அது தசையினுள் வேரூன்றிவிட்டிருக்கும். நம் பெரியவர் நிலை அதுவே. பல்லாண்டுகளாக விவாதம் நடப்பதும் அத்தகையோரைப் பற்றியே.

கத்தியும் தயக்கமும்

மஸானாவில் கத்தி வைப்பதற்குப் பண்டைய மருத்துவர் பெரிதும் அஞ்சினர். கல்லடைப்பு நோயாளியைக் கீறுவதில்லை, அதனை அத்தொழிலில் தேர்ந்தாரிடம் விட்டுவிடுவதாக உறுதிகூறும் பகுதி ஒன்று இப்புக்ராத் எனும் ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவர் உறுதிமொழியிலேயே உண்டு. உடலுள் மறைந்த புற்றைத் தீண்டாதிருப்பதே நன்று என்பதும் அவர் மரபின் கருத்து. நம் நாட்டில் சுசுருதர் கல்லை எடுக்கும் அறுவையை விரித்துரைத்தபோதும், அதனை வேறு வழியற்ற நிலையின் இறுதி முயற்சியாகவே கொண்டார்.

பக்தாதில் புகழ்பெற்ற அபூபக்ர் அர்ராஸி, சிறுநீரகத்திலும் மஸானாவிலும் தோன்றும் கற்களுக்கென்றே தனி நூல் இயற்றினார். அவருக்குப் பின் அந்தலூஸில், குர்துபாவை அடுத்த ஸஹ்ரா நகரில் 936இல் பிறந்த அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவி, 30 பகுதிகள் கொண்ட 'அத்தஸ்ரீப்' எனும் பெருநூலை ஆக்கி, அதன் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்திற்கே ஒதுக்கினார். சிறுநீர் அடைத்தால் உட்செலுத்தும் வெள்ளிக்குழல், மஸானாவினுள் மருந்து பாய்ச்சும் பீச்சுகருவி ஆகியவற்றைப் படத்தோடு விளக்கினார். சிறுநீர்த் தாரையில் கல் சிக்கிக்கொண்டால் உடனே கீறாமல், நுண்ணிய துளையூசி ஒன்றை மெல்லச் செலுத்தி, கல்லைத் துளைத்து உடைத்துச் சிறுநீரோடு வெளியேற்றும் முறையை அவர் கூறுவது ஈண்டு கருதத்தக்கது. அது முடியாதபோதுதான் கத்தி. உறுப்பைச் சிதைக்காமல் நோயை மட்டும் நீக்க முயலும் எண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மருத்துவரிடம் இருந்தது.

ஆயினும் புற்றின் முன் அவர் பணிவுடன் நின்றார். சிறிதாக இருக்கும்போதே வேரோடு அகற்றினால் பயனுண்டு. முற்றிப் பெருத்துவிட்டால் அணுகாதீர் என்றார். முற்றிய நிலையில் தாம் எவரையும் குணப்படுத்தியதில்லை, குணப்படுத்தினாரைக் கண்டதுமில்லை என்று அவர் ஒளிவின்றி எழுதிவைத்த நேர்மை, எல்லாக் காலத்து மருத்துவர்க்கும் பாடமாகும்.

ஒரத்தநாட்டுச் சத்திரம்

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மன்சூரி மருத்துவமனை, வறியவர் செல்வர் என்ற வேறுபாடின்றி வக்பு வருவாயில் நோயாளரைப் பேணியது என்பதை நாம் பெருமையோடு கூறுவது வழக்கம். அதனை ஒத்த அறம் ஒன்று நம் பெரியவரின் ஊர்ப்புறத்திலேயே நடந்ததை நம்மில் பலர் மறந்துவிட்டனர். தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள ஒரத்தநாட்டில், மன்னர் இரண்டாம் சரபோஜி 1802ஐ ஒட்டி, தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் பெயரால் முத்தாம்பாள் சத்திரத்தை அமைத்தார். கல்லில் செதுக்கிய யானைகளும் குதிரைகளும் இழுக்கும் தேர்போன்ற அதன் தோற்றத்தை இன்றும் காணலாம்.

இச்சத்திரங்கள் வெறும் சோற்றுச் சாலைகளல்ல. 1801இல் மன்னர் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய மடலில், இராமேசுவர வழியில் செல்வோர் எச்சாதியினராயினும் சத்திரங்களில் உணவு பெறுவதையும், வழியில் நோயுற்றவர்க்கு மருத்துவரும் மருந்தும் பத்திய உணவும் குணமாகும் வரை அளிக்கப்படுவதையும் எடுத்துரைத்துள்ளார். தஞ்சையில் அவர் ஏற்படுத்திய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகிய நான்கும் ஒரு கூரையின்கீழ் ஆராயப்பட்டன. பயன் கண்ட மருந்துகள் 'சரபேந்திர வைத்திய முறைகள்' எனும் பெயரில் தமிழ்ப் பாடல்களாகத் தொகுக்கப்பட்டன. கண் நோயாளர்க்குச் செய்த அறுவையின் குறிப்புகளும், கண்ணின் படங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. நோயாளிக்கு நேர்ந்ததை உள்ளவாறே எழுதிவைத்து, பிறகு முடிவு காணும் முறை அது. இனி நாம் கூறப்போகும் வரலாறு முழுவதும் அந்த முறையால் வளர்ந்ததே.

கத்தி துணிந்த காலம்

1877இல் செருமனி நாட்டு மாக்ஸ் நிட்சே, ஒளியூட்டிய குழல் ஒன்றினால் மஸானாவின் உட்புறத்தைக் கண்ணால் காணும் கருவியைச் செய்து காட்டினார். பத்தாண்டு கழிந்து 1887இல், கொலோன் நகரத்து பார்டன்ஹாயர் முதன்முதலாகச் சிறுநீர்ப்பையை முற்றிலும் அறுத்தெடுத்தார். சிறுநீர்க் குழாய்களுக்குப் புதுவழி அமைக்க இயலாமற்போயிற்று. நோயாளி இரு வாரங்களில் மாண்டார். பையை எடுப்பதைவிட, எடுத்தபின் சிறுநீரை எங்கே விடுவது என்பதே பெரும் சிக்கலாயிற்று. மதகை அகற்றிய பின் ஆற்று நீருக்கு வழி தேடும் கதை போன்றது அது. குடலின் ஒரு துண்டை வெட்டியெடுத்து, அதையே வாய்க்காலாக்கி வயிற்றின் வழியே சிறுநீரை வெளிக்கொணரும் முறையை அமெரிக்கரான பிரிக்கர் 1950இல் வெளியிட்ட பின்னரே இவ்வறுவை நிலைபெற்றது. நம் பெரியவருக்குச் சொல்லப்பட்டதும் அம்முறையே.

நோயின் காரணமும் இக்காலத்தில்தான் துலங்கியது. 1895இல் பிராங்க்பர்ட் நகரத்து லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைப் பணியாளரிடையே மஸானாக் கட்டிகள் தோன்றுவதை எடுத்துக்காட்டினார். எகிப்தின் கதை வேறு. பில்ஹார்ஸ் என்பார் 1851இல் கெய்ரோவில் கண்டறிந்த புழு, நைல் பாசனக் கால்வாய்களில் இறங்கும் உழவரின் தோலைத் துளைத்துப் புகுந்து, மஸானாவில் முட்டையிட்டு, ஆண்டுகள் கழிந்து அங்கே புற்றை விளைவித்தது. இறைவன் அருளால் நம் காவிரி வயல்களில் அந்நோய் வேரூன்றவில்லை. நம்மவர்க்கு முதற்பகை புகையிலை. பீடியின் நஞ்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிந்து, மஸானாவில் மணிக்கணக்கில் தங்குகிறது. புகைத்தது நெஞ்சைத்தானே கெடுக்கும் என்று எண்ணுவோர் இதனை அறியவேண்டும்.

மூன்று கைகள்

பையைக் காக்கும் வழி ஒரே நாளில் தோன்றியதன்று. 1910இல் நியூயார்க் நகரத்து எட்வின் பீர், நிட்சேயின் குழல் வழியாகவே மின்சாரத்தைச் செலுத்தி, வயிற்றைக் கீறாமல் கட்டியைச் சுட்டழித்தார். இன்று குழல்வழிச் சுரண்டி எடுக்கும் முறைக்கு அதுவே வித்து. இதுவே முதற் கை.

இரண்டாவது கதிர்வீச்சு. 1895இல் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டனர். சென்னையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. 1951இல் கனடாவில் கோபால்ட் கதிர்க்கருவி நோயாளர்க்குப் பயன்படத் தொடங்கியது; அது தோலை அதிகம் பொசுக்காமல் ஆழத்து உறுப்புகளை எட்டியது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரத்தை நெஞ்சில் தாங்கி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். அவ்வாண்டுகளிலேயே அங்கும் கோபால்ட் கருவி வந்து சேர்ந்தது. ஆயினும் கதிர் மட்டும் தனித்து நின்றபோது, மஸானாப் புற்று பலருக்கும் திரும்பி வந்தது.

மூன்றாவது மருந்து. கதிரின் முன் புற்றணுக்களை வலுவிழக்கச் செய்யும் மருந்தைக் கதிரோடு சேர்த்துக் கொடுக்கலாயினர். இங்கே ஒரு செய்தி நம் கருத்தைக் கவர்ந்தது. 1987இல் அமெரிக்காவில் ஷிப்லி குழுவினர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, அறுவையைத் தாங்கமாட்டார் என்று ஒதுக்கப்பட்ட நோயாளரைப் பற்றியது. சிஸ்பிளாட்டின் எனும் மருந்தையும் கதிரையும் சேர்த்து அளித்தபோது, கைவிடப்பட்டவர் என எண்ணப்பட்டோரில் பலர் பையோடும் உயிரோடும் நின்றனர். வலுவுள்ளவர்க்கும் இதனைச் செய்தாலென்ன என்ற கேள்வி அதன் பின்னரே வலுப்பெற்றது. வீட்டார் விலக்கிய கல் மூலைக்கல்லான வகை இது.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும்; முதியோர் பலருக்கு ஒவ்வாது. ஆகவே இங்கிலாந்தில் 360 நோயாளரைக் கொண்டு, சிறுநீரகத்திற்குப் பெருந்தீங்கு செய்யாத வேறிரு மருந்துகளைக் கதிரோடு சேர்த்துச் சோதித்தனர். 2012இல் முடிவு வெளியாயிற்று. இரண்டாண்டுக்குப் பின் பையிலும் சுற்றுப்புறத்திலும் நோய் தலைகாட்டாதிருந்தவர், கதிர் மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 54. மருந்தும் சேர்த்துப் பெற்றோரில் நூற்றுக்கு 67. அந்நோயாளரின் நடு வயது 72 என்பது குறிப்பிடத்தக்கது.

பையை எடுத்தோரையும் காத்தோரையும் ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வட அமெரிக்காவிலிருந்து வந்தது. எடுத்தோர் 440 பேர். காத்தோர் 282 பேர். ஐந்தாண்டில் நோய் வேறிடம் பரவாதிருந்தவர் முதல் வகையில் நூற்றுக்கு 74, இரண்டாம் வகையில் 75. காத்தோரில் நூற்றுக்குப் பதின்மூவர்க்குப் பின்னர் பையை எடுக்க நேர்ந்தது. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையன்று. நோயின் நிலையை ஒத்துப் பார்த்துச் செய்த ஒப்பீடே. அவ்வகைச் சீட்டுச் சோதனையை இங்கிலாந்தில் முன்பு முயன்றபோது, போதிய நோயாளர் சேராமல் அது நின்றுபோயிற்று. எடுப்பதா வைப்பதா என்பதைச் சீட்டுக்கு விட மனிதர் எளிதில் இசைவதில்லை.

யாருக்குக் கூடும்

இம்முறை எல்லோருக்கும் ஏற்றதன்று. கட்டி ஒன்றாக இருந்து, குழல்வழியே முழுதும் சுரண்டி எடுக்கத்தக்கதாக இருக்கவேண்டும். சிறுநீரகக் குழாயை அது அடைத்து, சிறுநீரகம் வீங்கியிருத்தலாகாது. சவ்வெங்கும் நோய் படர்ந்திருத்தலாகாது. பை நன்கு இயங்குவதாக இருக்கவேண்டும். இவை கூடிவந்தால், முதலில் சுரண்டி எடுத்து, பிறகு நான்கு வாரங்களில் 20 தவணையாகவோ, ஆறரை வாரங்களில் 32 தவணையாகவோ கதிரைச் செலுத்தி, அதனோடு மருந்தும் தருவர். அடிக்கடி சிறுநீர் கழித்தல், எரிச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை அக்காலத்தில் தோன்றும். பெரும்பாலும் தணியும், சிலருக்கு நீடிக்கும். பின்னர் வாழ்நாள் முழுதும் குறித்த காலத்தில் குழல்வழிப் பரிசோதனை வேண்டும். அதில் அசட்டை செய்பவருக்கு இம்முறை ஆகாது.

மிக நலிந்த முதியோரையும் மருத்துவம் இப்போது கைவிடுவதில்லை. நாள்தோறும் மருத்துவமனைக்கு அலைய முடியாதவர்க்கு, வாரம் ஒரு தவணையாக ஆறே வாரங்களில் கதிர் தரும் முறையை இங்கிலாந்தில் 65 பேரிடம் சோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டனர். அவர்தம் நடு வயது 85. பெரும்பாலாருக்கு நோய் பையளவில் கட்டுக்குள் நின்றது.

இத்தனை வழிகள் இருந்தும், அமெரிக்கப் பதிவேடுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, தசை ஊடுருவிய மஸானாப் புற்றுடையோரில் ஏறக்குறையப் பாதிப் பேரே குணமாக்கும் நோக்குள்ள மருத்துவத்தைப் பெற்றிருந்தனர். வயது ஏற ஏற அத்தொகை மேலும் குறைந்தது. செல்வ வளமிக்க நாட்டிலேயே நிலை இதுவெனில், நம் சிற்றூர்களின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. 'வயதாகிவிட்டது, இனி எதற்கு' என்ற சொல் நம் வீடுகளில் எத்தனை முறை ஒலிக்கிறது!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்து, முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் இறைவன் மருந்தை வைத்துள்ளான் என்ற கருத்தில் மொழிந்ததை நாம் அறிவோம். அந்த ஹதீஸைச் சிலர் தலைகீழாகக் கொள்கின்றனர். முதுமைக்கு மருந்தில்லை என்பதனால் முதியவருக்கு மருந்தில்லை என்று ஆகிவிடாது. எழுபத்தாறு வயது ஒரு நோயன்று. அவர் மஸானாவில் உள்ளதே நோய். அந்நோய்க்கு மருந்து தேடுவது அவர்க்கும் அவர் மக்களுக்கும் உள்ள கடமை.

தொழுகையின் எளிமை

பெரியவரின் வினாவுக்கு நாம் கூறிய விடையையும் இங்கே பதிவோம். அவரைப்போல் அஞ்சி அறுவையை மறுப்போர் வேறு பலரும் இருக்கக்கூடும். சிறுநீரை அடக்க இயலாதவரைப் பற்றி 'ஸலிஸுல் பவ்ல்' என்ற தலைப்பில் நம் இமாம்கள் முன்பே பேசியுள்ளனர். அவர் 'மஃதூர்', சலுகை உடையவர். பையையும் இடத்தையும் இயன்றவரை தூய்மை செய்து, தொழுகை நேரம் புகுந்தபின் ஒளுச் செய்து தொழவேண்டும். ஹனபி மத்ஹபில் அந்த ஒளு அவ்வக்து முடியும் வரை செல்லும். ஷாபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும் ஓர் ஒளு. இடையே சிறுநீர் இறங்குவதனால் அவர் தொழுகை கெடாது. சிரமம் நேருமிடத்தில் எளிமை பிறக்கும் என்பது சட்டத்தின் அடிப்படை. மார்க்கத்தை அஞ்சி மருத்துவத்தை மறுக்கவேண்டிய நிலை ஒரு முஸ்லிமுக்கு இங்கே இல்லை.

பெரியவரின் கதை என்னவாயிற்று என்று அன்பர்கள் கேட்பர். மகன் வேறு மருத்துவர்களையும் கலந்தார். பையைக் காக்கும் வழியைத் தாமே எடுத்துக் கேட்டார். சோதனையில், கட்டி ஒரு பக்கத்துச் சிறுநீரகக் குழாயை அடைத்திருந்தமை தெரிந்தது. அவர்க்கு அவ்வழி உகந்ததன்று என்று காரணத்தோடு விளக்கினார்கள். நெஞ்சும் நுரையீரலும் வலுவாக இருந்தமையால் அறுவையைத் தாங்குவார் என்றனர். இம்முறை பெரியவர் மறுக்கவில்லை. அவரை மறுக்கச் செய்த அச்சம் அதற்குள் நீங்கிவிட்டது.

அல்ஹம்துலில்லாஹ், அவர் நலமாக இருக்கிறார். முன்பெல்லாம் வீட்டிலேயே ஒளுச் செய்து, பாங்கு ஒலிக்குமுன் முதல் வரிசைக்கு வந்துவிடுவாராம். இப்போது பாங்கு கேட்ட பின்னரே ஹவுளின் படியில் அமர்ந்து ஒளுச் செய்கிறார். ஆகையால் இடம் கிடைப்பது பெரும்பாலும் மூன்றாம் வரிசையில்தான். அதைப்பற்றி அவருக்குச் சிறு குறை உண்டு என்று மகன் சொன்னார்.

சிறுநீரில் ஒரு துளி இரத்தம் கண்டாலும், வலி இல்லை என்று வாளாவிருக்க வேண்டா. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் வட்டாரத்தார்க்கு எட்டாத இடமன்று. அங்கே கதிர்வீச்சுப் பிரிவும் உண்டு. தசை வரை நோய் சென்றுவிட்டது என்றால், பையை வைத்தே மருத்துவம் செய்ய இயலுமா என்று கேளுங்கள். இயலாது என்றால் ஏன் என்று கேளுங்கள். வயதை மட்டும் காரணமாகச் சொன்னால் மற்றொரு மருத்துவரையும் கேளுங்கள். குணமளிப்பவன் இறைவன், கேட்பதும் தேடுவதும் நம்மேல் உள்ளவை.